ஐந்து தாள்களும் ஒரு பையனும்: கவனச்சிதறல் உள்ள பிள்ளைக்கு எந்தப் பள்ளி?

ஐந்தாம் வகுப்பு முழுஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் எங்கள் சாப்பாட்டு மேசையில் ஐந்து தாள்கள் கிடந்தன. பையன் அதுவரை படித்த தனியார் பள்ளியின் அடுத்த ஆண்டுக் கட்டணச் சீட்டு ஒன்று. ஊருக்கு வெளியே பதினெட்டு கிலோமீட்டரில், வகுப்புக்கு இருபது பேரை மட்டும் சேர்க்கும் சிறிய பள்ளியின் விண்ணப்பம் ஒன்று. வீட்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய அரசு உதவிபெறும் பள்ளியில் எழுத்தர் துண்டுக் காகிதத்தில் கிறுக்கித் தந்த சான்றிதழ்ப் பட்டியல் ஒன்று. சிறப்புப் பயிற்சி மையம் ஒன்றின் துண்டுப் பிரசுரம். வீட்டிலிருந்தே படித்துத் தேர்வெழுதும் திறந்தநிலைப் பள்ளி பற்றி என் மைத்துனர் அச்செடுத்துக் கொண்டுவந்த நான்கு பக்கங்கள். மேசைக்கு அடியில் பையன் மல்லாந்து படுத்து, நாற்காலிக் கால்களுக்கு இடையே ரப்பர் பேண்டுகளால் பாலம் கட்டிக்கொண்டிருந்தான்.

நான் கூட்டுறவு வங்கியில் பேரேடு எழுதுகிறவன். எதையும் வரவு, செலவு, இருப்பு என்று பிரித்தால்தான் எனக்குப் புரியும். அந்த ஐந்து தாள்களையும் அப்படித்தான் பிரித்தோம். எடுத்த முடிவு எங்களுக்கு ஏன் பொருந்தியது, உங்கள் பிள்ளைக்கு ஏன் பொருந்தாமல் போகலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

பையனுக்கு ஏடிஎச்டி என்று மூன்றாம் வகுப்பிலேயே மருத்துவர் சொல்லியிருந்தார். கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்று தமிழில் எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் அதுவரை அதற்கு 'வாலு' என்று பெயர். மூளையின் வளர்ச்சியோடு சேர்ந்து வருவது இது. வளர்ப்பில் குறை வைத்ததால் வருவதில்லை. உலக அளவில் நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர். ஓடாமல், சத்தம் போடாமல், ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளைக்கும் இது இருக்கலாம். அவளால் யாருக்கும் தொல்லை இல்லை என்பதால் யாரும் கண்டுகொள்வதும் இல்லை.

பள்ளிகளை ஒப்பிடுவதற்கு முன் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள். அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தென்பட வேண்டும். பள்ளியில் மட்டும் தென்பட்டால் கோளாறு பள்ளியிலும் இருக்கலாம். கண், காது, தூக்கம், இரத்தசோகை, சில நொடிகள் கண் நிலைகுத்தி நிற்கும் ஒருவகை வலிப்பு ஆகியவற்றைப் பார்த்த பிறகே நல்ல மருத்துவர் இந்தப் பெயரைச் சொல்வார். ஐந்தே நிமிடத்தில் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வகுப்பிலேயே வயதில் இளைய பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் அதிகமாகச் சூட்டப்படுகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பையனின் பிறந்தநாளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தனியார் மருத்துவமனைச் செலவு தாங்காதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கும் ஆரம்பகால இடையீட்டு மையத்துக்குப் போகலாம். 2013-இல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் ஏடிஎச்டியும் கற்றல் குறைபாடும் பட்டியலிலேயே இருக்கின்றன.

இனி எங்கள் தவறு. தொடக்கத்தில் நாங்கள் பள்ளிகளை எல்லாரையும் போலத்தான் ஒப்பிட்டோம்: பெயர், கட்டணம், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, ஆங்கிலம். அது தவறான அளவுகோல் என்பதை எனக்குக் காட்டியது காவிரிப் பாலம்.

வீடு ஸ்ரீரங்கத்தில். பள்ளி ஆற்றுக்கு அந்தப் பக்கம், திருச்சி நகருக்குள். 2022 நவம்பரில் பாலத்தைப் பழுதுபார்க்க மூடினார்கள். வேன் சென்னை பைபாஸ் வழியாகச் சுற்றத் தொடங்கியது. காலை 7.40-க்கு வந்துகொண்டிருந்த வேன் 7.05-க்கே வந்து ஹாரன் அடித்தது. மாலையில் பையன் வீடு சேர ஐந்தேகால் ஆனது. அந்த நான்கு மாதங்களில் டைரியில் சிவப்பு மைக் குறிப்புகள் பெருகின. உட்கார்ந்து எண்ணினேன். அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் பதினொன்று. பாலம் மூடியிருந்த காலத்தில் இருபத்தாறு. ஆசிரியை அவரேதான், வகுப்பு அதேதான், பையனும் அவனேதான். 2023 மார்ச்சில் பாலம் திறந்தது. ஏப்ரலில் இரண்டே குறிப்புகள். ஒரு பையனை வைத்து ஆராய்ச்சி முடிவு சொல்லக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் இவ்வளவு பெரிய வித்தியாசம் வங்கிக் கணக்கில் வந்திருந்தால் அன்று இரவு யாரும் வீட்டுக்குப் போயிருக்க மாட்டோம்.

கவனம் என்பது காலையில் பிள்ளையின் சட்டைப்பையில் போட்டு அனுப்பும் காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற பிள்ளைகளிடம் நூறு ரூபாய் இருந்தால் இவனிடம் நாற்பது. வேனில் பதினைந்து போய்விடுகிறது. கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுவதில் இன்னொரு பதினைந்து. மீதிப் பத்து ரூபாயோடு கணக்கு வகுப்பில் உட்கார்கிறான். 'முயற்சி போதாது' என்று டைரியில் எழுதி அனுப்புகிறார்கள். ஆகவே ஐந்து தாள்களிலும் நாங்கள் பார்த்தது ஒன்றைத்தான்: இந்த நாற்பது ரூபாய் எங்கே செலவாகும்?

முதல் தாள், இருந்த பள்ளியிலேயே இருப்பது. சொல்லப்போனால் எல்லாரும் முதலில் முயல வேண்டியது இதுதான். நண்பர்கள் அங்கே இருக்கிறார்கள், கழிப்பறை எங்கே என்று தெரியும், புது இடத்துப் பதற்றம் இல்லை. சான்றிதழ் எதுவும் இல்லாமலே வகுப்பாசிரியை செய்யக்கூடியவை நிறைய: ஜன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி முன்வரிசையில் உட்கார வைப்பது, பத்துக் கணக்கை ஐந்தைந்தாகப் பிரித்துக் கொடுப்பது, சொல்லும் வேலையை ஒவ்வொன்றாகச் சொல்வது, வருகைப் பதிவேட்டை அலுவலகத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி எழுந்து நடக்க ஒரு நியாயமான காரணம் தருவது. இவற்றில் எதற்கும் பணம் தேவைப்படாது.

இவற்றோடு அன்றாட அட்டை என்று ஒன்று உண்டு. வகுப்பறையில் பலன் தருவதாக ஆய்வுகளில் நிலைபெற்ற முறை. மூன்றே இலக்குகள், ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் ஆசிரியர் ஒரு டிக் போட வேண்டும், மாலையில் வீட்டில் அதற்கு ஒரு சிறிய பரிசு. எங்கள் வங்கியின் பழைய காலண்டர் அட்டையை அஞ்சலட்டை அளவுக்கு வெட்டி நானே செய்தேன். 'சொன்னவுடன் தொடங்கினேன். கேட்டுவிட்டு எழுந்தேன். வீட்டுப்பாடத்தை டைரியில் எழுதினேன்.' முதல் வாரம் அருமையாக நடந்தது. டிக்குகள் ஒரு நாள் நீலத்தில், ஒரு நாள் சிவப்பில், ஒன்றிரண்டு பென்சிலில். இரண்டாவது வாரத்து அட்டையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஐந்து நாள் டிக்குகளும் ஒரே மையில், ஒரே சாய்வில், மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு இறங்கியிருந்தன. வெள்ளிக்கிழமை மாலை மொத்தமாகப் போட்டது. ஆசிரியையைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவருக்கு நாற்பத்தெட்டுப் பிள்ளைகள். தொடக்க வகுப்பில் முப்பது பேருக்கு ஓர் ஆசிரியர் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது என்பதை நான் அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அந்தப் பள்ளி நிர்வாகம் சொன்ன தீர்வு வேறு: "இன்னொரு வருஷம் அஞ்சாம் வகுப்பிலேயே இருக்கட்டுமே." ஒருமுறை கேட்டே சலித்துப்போகும் பிள்ளையை அதே பாடத்தை இரண்டாம் முறை கேட்க வைப்பது எந்த வகையில் மருந்தாகும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கூடவே தம்பி வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும் அவமானம். அடுத்த ஆண்டு வகுப்பாசிரியர் யார் என்று தெரிந்து, அவர் அட்டையில் அன்றன்றைக்கே டிக் போடும் ஆளாகவும் இருந்து, வேன் பயணம் அரைமணிக்குள் இருந்தால் பள்ளியை மாற்றாதீர்கள். எங்களுக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட அமையவில்லை.

இரண்டாவது தாள், அந்தச் சிறிய பள்ளி. போய்ப் பார்த்தோம். மனதைக் கொள்ளைகொள்ளும் இடம் என்பதில் ஐயமில்லை. வேப்பமரத்தடியில் வகுப்பு, தோட்டத்தில் வெண்டை, ஆசிரியரைப் பிள்ளைகள் அக்கா என்று கூப்பிடுகிறார்கள். என் மனைவி அங்கேயே கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டாள். நான் இரண்டு கேள்வி கேட்டேன். பாடவேளை அட்டவணை எங்கே ஒட்டியிருக்கிறது? அப்படி எதுவும் இல்லை, பிள்ளைகள் விருப்பப்படி வேலையைத் தேர்ந்துகொள்வார்கள் என்றார்கள். இது சில பிள்ளைகளுக்கு வரம். எங்கள் பையன் காலை முழுவதும் நத்தைகளோடு இருந்துவிட்டு மாலை நிம்மதியாக வீடு வருவான். கவனம் சிதறும் பிள்ளைக்கு வகுப்பு சிறியதாக இருந்தால் மட்டும் போதாது. அடுத்து என்ன என்பது சுவரில் எழுதியிருக்க வேண்டும், மணி அடிக்க வேண்டும். இரண்டாவது கேள்வி, வேன் எத்தனை மணிக்கு வரும்? 6.50. அந்தத் தாளை அங்கேயே மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். அந்தப் பள்ளிக்குப் பக்கத்திலேயே குடியிருந்து, அங்கே அட்டவணையும் இருந்திருந்தால் அதைத்தான் முதலிடத்தில் வைத்திருப்பேன்.

மூன்றாவது, நடந்து போகும் தூரத்தில் இருந்த அரசு உதவிபெறும் பள்ளி. இதைச் சொன்னதும் உறவில் எழுந்த முதல் கேள்வி, "அங்கேயா?" என்பது. அந்த ஓர் எழுத்து நீட்டலுக்குள் எங்கள் சமூகத்தின் கல்வி பற்றிய எண்ணம் முழுவதும் இருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்காக. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08-இல் மாநிலம் முழுவதும் நான்காம் வகுப்பு வரை அரசு தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. பெஞ்சுகளை எடுத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்த பிள்ளைகள், தானே எழுந்துபோய் ட்ரேயிலிருந்து அட்டையை எடுத்துவந்து செய்து முடித்து, ஏணிப்படத்தில் அடுத்த படியைப் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளையின் உயரத்துக்குச் சுவரின் அடியில் கரும்பலகை. அவரவருக்கு ஒரு கட்டம். தலைக்கு மேலே கம்பிப்பந்தலில் அவர்கள் வரைந்த படங்கள். குறுகிய வேலை, உடனே தெரியும் முடிவு, எழுந்து நடக்க அனுமதி, அடுத்தது என்ன என்பது கண்ணெதிரே. கவனம் சிதறும் பிள்ளைக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று வல்லுநர்கள் எழுதுவதில் பாதி அங்கே யாருக்கும் சலுகையாக இல்லாமல் எல்லாருக்கும் வழக்கமாக இருந்தது. அந்த முறை பிறகு பல இடங்களில் நீர்த்துப்போனது. 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' அதன் சில கூறுகளைத் தொடர்கிறது. சின்னப் பிள்ளைக்காகப் பள்ளி தேடுகிறவர்கள், தனியார் பள்ளியின் கையைக் கட்டி வாயைப் பொத்தும் ஒழுங்கைப் பார்த்து மயங்குவதற்கு முன் பக்கத்துத் தெரு தொடக்கப் பள்ளிக்குள் ஒரு முற்பகல் எட்டிப் பாருங்கள். நல்ல ஆசிரியை வாய்த்த பள்ளியாக இருந்தால் திகைத்துப்போவீர்கள்.

ஆறாம் வகுப்புக்கு வருகிறேன். அந்த உதவிபெறும் பள்ளியில் ஆங்கிலவழிப் பிரிவு இருந்ததால் மொழி மாற்றம் என்ற பெருஞ்செலவு இல்லை. வகுப்பில் நாற்பத்துநான்கு பேர். நான்கு பேர்தான் குறைவு, அதில் பெருமைப்பட எதுவும் இல்லை. ஆனால் வரவுப் பக்கத்தைப் பாருங்கள். நடை பத்து நிமிடம். 9.15-க்கு மணி. பெரிய மைதானம், இடைவேளையில் யாரும் பிள்ளைகளை வகுப்புக்குள் அடைப்பதில்லை. மாலை 4.20-க்கு வீட்டில் இருப்பான். காலையில் ஒன்றரை மணிநேரம் அதிகமாகத் தூங்கலாம். பாடக்குறிப்பைப் பலகையிலிருந்து பக்கம் பக்கமாக நகலெடுக்கும் வழக்கம் அங்கே குறைவு. புத்தகத்தில் அடிக்கோடு இடுகிறார்கள். இது பார்வைக்குச் சின்ன விஷயம். எங்கள் பையனுக்கு அதுதான் பதினைந்து ரூபாய்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சத்தம் அதிகம். மாணவரை அடிப்பதும் அவமானப்படுத்துவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் தடைசெய்யப்பட்டவை. ஆனாலும் பிரம்பு எல்லா இடத்திலும் ஓய்வுபெற்றுவிடவில்லை. தலைமையாசிரியரிடம் நேராகவே கேட்டோம். அவர் சங்கடப்பட்டார், பிறகு ஆறாம் வகுப்புத் தமிழாசிரியரைக் கூப்பிட்டு எங்களோடு உட்கார வைத்தார். அந்தத் தமிழையா காலண்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூன்று அதிகம் சார், முதல் மாதம் ஒன்று போதும்" என்றார். மூன்று ஆண்டுகளில் அட்டையைப் பற்றி எங்களிடம் யோசித்துப் பேசிய முதல் மனிதர் அவர். அரசு, உதவிபெறும் பள்ளிகளுக்கு வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர்கள் வருவதும் உண்டு. உங்கள் பள்ளிக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார் என்பதைச் சேர்ப்பதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது தாளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சிறப்புப் பயிற்சி மையங்கள் பெரும்பாலும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் கற்றல் குறைபாடும் சேர்ந்து இருக்கும் பிள்ளைகளுக்கானவை. ஒன்றிரண்டு ஆண்டுகள் அங்கே படித்துவிட்டு வழக்கமான பள்ளிக்குத் திரும்புவார்கள். டிஸ்லெக்சியா என்பது வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு; சென்னையில் 1991 முதல் இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் இந்தத் துறையில் மூத்தது. ஆசிரியர்களுக்கும் பயிற்சி தருகிறது. கவனக்குறைபாடும் கற்றல் குறைபாடும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருப்பது சாதாரணம் என்பதால் அந்தச் சோதனையை எட்டு வயதுக்கு மேல் கட்டாயம் செய்துவிடுங்கள். எங்கள் பையனுக்கு அது இல்லை என்று தெரிந்தது; துண்டுப் பிரசுரத்தை எடுத்து வைத்துவிட்டோம்.

ஐந்தாவது தாள்தான் என் மைத்துனரின் செல்லப்பிள்ளை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 1989-இல் தொடங்கப்பட்டது. பத்தாம் வகுப்புக்கு ஐந்து பாடங்கள் போதும். அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். ஓவியம், மனையியல் போன்றவற்றையும் எடுக்கலாம். ஆண்டுக்கு இரண்டு பொதுத்தேர்வுகள். ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகள். ஒவ்வொரு பாடமாகக்கூட எழுதித் தேறலாம். மூன்று மணிநேரத் தேர்வை ஒரே மூச்சில் அடுத்தடுத்து எழுத முடியாத பிள்ளைக்கு இதைவிடக் கருணையான ஏற்பாடு நாட்டில் இல்லை. "பிறகு ஏன் மாமா யோசிக்கிறீங்க?" என்றார் மைத்துனர்.

யோசித்ததற்குக் காரணங்கள் இருந்தன. பத்தாம் வகுப்புக்குப் பதிவுசெய்யப் பதினான்கு வயது நிறைந்திருக்க வேண்டும், இவனுக்குப் பத்து. நடுவில் நான்கு ஆண்டுகள் யார் பார்த்துக்கொள்வது? அதைவிடப் பெரிய காரணம், திறந்தநிலைப் படிப்பு மாணவனிடம் கேட்பது எதை? இன்று எந்தப் பாடம், எவ்வளவு பக்கம், எப்போது நிறுத்துவது என்று தானே திட்டமிடுவதை. எந்தத் திறமை இவனிடம் குறைவோ அதையே நுழைவுக் கட்டணமாகக் கேட்கிறது. வீட்டில் முழுநேரமும் உடனிருந்து அட்டவணை போடக்கூடிய ஒருவர் இருந்தால், அல்லது பள்ளியில் பட்ட அவமானத்தால் பிள்ளை காலையில் வாந்தி எடுக்கும் நிலைக்கு வந்துவிட்டால், இந்தத் தாளை முதலில் எடுங்கள். பதினைந்து வயதில் ஓவியத்திலோ விளையாட்டிலோ முழுமூச்சாக இறங்கிவிட்ட பிள்ளைக்கும் இது நல்ல வழி. எங்களுக்கு இது பத்திரமாக வைத்திருக்க வேண்டிய வைப்புநிதி. இப்போதே முறிக்க வேண்டியதில்லை.

ஆக, மூன்றாவது தாளையே எடுத்தோம்; நடந்து போகும் அந்த உதவிபெறும் பள்ளியில் சேர்த்தோம். ஆனால் பள்ளியை முடிவுசெய்தால் பாதிதான் முடிகிறது. மாத்திரையா, பயிற்சியா என்ற கேள்வி எந்தப் பள்ளிக்குப் போனாலும் கூடவே வரும்.

இதில் மருத்துவர் எங்களுக்கு விளக்கியது அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வை வைத்து. 1999 டிசம்பரில் வெளியானது. ஏழு முதல் ஒன்பது வயது வரையிலான 579 பிள்ளைகளை நான்கு குழுக்களாகப் பிரித்துப் பதினான்கு மாதம் பார்த்தார்கள்: கவனமாக அளவு சரிபார்த்த மருந்து மட்டும், நடத்தைப் பயிற்சி மட்டும், இரண்டும் சேர்த்து, வழக்கமாக ஊரில் கிடைக்கும் சிகிச்சை. கவனக்குறைவு, துடுக்கு ஆகிய மூல அறிகுறிகளைக் குறைத்ததில் மருந்துக் குழுவும் இரண்டும் சேர்ந்த குழுவும் முன்னால் நின்றன. இரண்டும் சேர்ந்த குழு மூல அறிகுறிகளில் மருந்துக் குழுவைப் பெரிதாக மிஞ்சவில்லை. ஆனால் குறைந்த அளவு மருந்தே போதுமானதாக இருந்தது, வீட்டு உறவு போன்ற சிலவற்றில் நன்மையும் தெரிந்தது. மூன்றாண்டு முடிவில் மறுபடி பார்த்தபோது நான்கு குழுக்களுக்கும் இடையே இருந்த வித்தியாசம் மறைந்திருந்தது.

இதை மருந்துக்கு ஆதரவானவர்கள் ஒரு பாதியையும் எதிரானவர்கள் மறு பாதியையும் மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு விளங்கியது இவ்வளவு: ஒழுங்காகக் கவனித்துக் கொடுக்கும்வரை மருந்து சட்டைப்பையில் காசைக் கூட்டுகிறது. அந்தக் காசில் என்ன வாங்குவது என்பதைப் பள்ளியும் வீடும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு முதலில் பெற்றோருக்கான பயிற்சி, அதன் பிறகே மருந்து பற்றிய யோசனை என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் வழிகாட்டுதல்; நம் ஊர் மருத்துவர்களும் அநேகமாக அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஆறாம் வகுப்புக் காலாண்டு வரை பயிற்சியும் அட்டையும் மட்டும். பிறகுதான் மெத்தில்பெனிடேட் என்ற ஏடிஎச்டி மாத்திரையைத் தொடங்கினோம். மனநல மருந்துகளுக்கான கட்டுப்பாட்டில் உள்ள மருந்து என்பதால் எல்லாக் கடையிலும் இருக்காது. சீட்டைக் கேட்டு வாங்கிய கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். குறுகிய நேரம் வேலைசெய்யும் மாத்திரை ஏறக்குறைய நான்கு மணிநேரம்தான் தாங்கும். காலை எட்டேமுக்காலுக்குப் போட்டால் மதியச் சோற்றுக்கு முன் தீர்ந்துவிடும். கணக்கும் அறிவியலும் முற்பகலில் வரும்படி அட்டவணை இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். இதைக் கேட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை, நீங்கள் கேளுங்கள். பசி குறையும். முதல் மாதம் டிபன் பாக்ஸ் எலுமிச்சைச் சாதத்தின் மேல் வைத்த அப்பளம்கூட நொறுங்காமல் அப்படியே திரும்பி வந்தது. மாத்திரைக்கு முன் நான்கு இட்லி, மருந்தின் வேகம் இறங்கிய மாலையில் தோசை, இரவில் பால் என்று மாற்றிக்கொண்டோம். ஒவ்வொரு முறை போகும்போதும் உயரம், எடை, இரத்த அழுத்தம் பார்க்காத மருத்துவரிடம் இந்த மருந்தை வாங்காதீர்கள்.

டியூஷன் பற்றி இரண்டே வரி. எட்டு மணிநேரம் உட்கார்ந்த பிள்ளையை மாலை ஆறு முதல் எட்டு வரை மறுபடி உட்கார வைப்பதற்குச் செலவழிக்கும் பணத்தை அப்படியே வங்கியில் போடுங்கள், எங்கள் வங்கியாக இருந்தாலும் சரி. வீட்டில் இருபது நிமிடம் படிப்பு, ஐந்து நிமிடம் மாடிப்படி ஏறி இறங்குவது, மறுபடி இருபது நிமிடம்; அவ்வளவுதான் எங்களால் முடிந்தது, அதுவே போதுமாக இருந்தது.

நடுமூளையை முடுக்கிவிடுகிறோம், கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைக்கிறோம் என்று கல்யாண மண்டபத்தில் வகுப்பு நடத்துகிறவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வல்லாரைத் துவையல் நன்றாக இருக்கும், துவையலாகவே சாப்பிடுங்கள்.

ஒரு சட்டச் சிக்கலையும் முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் இது பத்தாம் வகுப்பில் தெரியவந்தால் நேரம் கடந்துவிடும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் உண்டு. ஏடிஎச்டி தனியாக இல்லை. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் இந்தப் பட்டியலைச் சார்ந்தே அமைகின்றன. சான்றிதழ் உள்ளவர்களுக்கு ஒரு மணிநேரத் தேர்வுக்கு இருபது நிமிடம் என்ற கணக்கில் கூடுதல் நேரம் உண்டு. கவனக்குறைபாட்டோடு கற்றல் குறைபாடும் உள்ள பிள்ளைக்கு அந்த வழியில் சான்றிதழ் கிடைக்கும். எங்கள் பையனைப் போலக் கவனக்குறைபாடு மட்டும் உள்ளவர்கள் கதவுக்கு வெளியேதான் நிற்க வேண்டியிருக்கிறது. இது அநியாயம் என்பது என் கருத்து. இது மாறும்வரை நாங்கள் செய்வது, மூன்று மணிநேரத் தாளை வீட்டில் கடிகாரம் வைத்து எழுதிப் பழகுவது, முதலில் தெரிந்த கேள்வி, கடைசிப் பதினைந்து நிமிடம் சரிபார்ப்பு என்று அவன் கைக்கடிகாரத்திலேயே மணி வைப்பது. ஒன்பதாம் வகுப்பு முடியும்போது ஐந்தாவது தாளை மறுபடி மேசைக்குக் கொண்டுவருவோம். அதற்குள் அவனுக்கும் அதில் ஒரு வாக்கு இருக்கும்.

இப்போது எட்டாம் வகுப்பு. மதிப்பெண் நடுவில் நிற்கிறது. கணக்கில் கூட்டல் பிழை, அறிவியலில் நல்ல பதில், தமிழில் எழுத்துப் பிழைகளோடு நீண்ட கட்டுரை. அட்டையில் டிக் போடுவது இப்போது அவனே. தமிழையா வாரம் ஒருமுறை கையெழுத்து மட்டும் போடுகிறார். டிக்குகள் வேறுவேறு மையில்தான் இருக்கின்றனவா என்று நான் பார்க்காமல் இருப்பதில்லை.

போன வாரம் இந்த ஆண்டின் நான்காவது தண்ணீர் பாட்டிலைத் தொலைத்துவிட்டு வந்தான். நடந்து போகிற தூரம்தானே, திரும்பிப் போய்த் தேடி எடுத்துவா என்று அனுப்பினேன். முக்கால் மணிநேரம் கழித்துத் திரும்பினான். பாட்டில் இல்லை. யாருடையதோ ஒரு குடை இருந்தது.